ஈ-பிசி 701: ஒரு குட்டிக் கணினியின் ஆயுளை உலாவி எப்படித் தீர்மானித்தது?

நெட்புக் என்ற மலிவான குட்டி மடிக்கணினி வகை ஐந்தாறு ஆண்டுகளுக்குள் பிறந்து, பெருகி, கடைகளிலிருந்து காணாமல் போனது. தைவான் நிறுவனமான ஏசஸ் 2007 அக்டோபரில் ஈ-பிசி 701-ஐ விற்பனைக்கு விட்டது. 2013 பிறந்தபோது ஏசஸ், ஏசர் இரண்டுமே நெட்புக்கைக் கைவிட்டிருந்தன. ஐபேட் வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டது, செயலி மந்தமாக இருந்தது, விசைப்பலகை விரல்களுக்குப் போதவில்லை என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் கடைக்காரர் பக்கம் நின்று பார்க்கும்போது தெரியும் காரணங்கள் இவை. வாங்கியவர் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அந்தக் கணினிகளை மக்கள் வாங்கியது இணையம் பார்க்க. உலாவிக்குப் புதுப்பிப்பு வந்துகொண்டிருந்த நாள்வரை அவை உயிரோடு இருந்தன. அது நின்ற நாளில், திரையும் விசைகளும் பேட்டரியும் நன்றாக இருந்தும், பரணுக்குப் போயின.

பழைய மடிக்கணினிகளைச் சீர்செய்து மாணவர்களுக்குக் கொடுக்கும் வேலையில் எனக்கு ஈடுபாடு உண்டு. அங்கே திரும்பத் திரும்ப வருபவை இரண்டு கேள்விகள்: எந்த லேப்டாப் வாங்கலாம்? எந்த பிரவுசர் போடலாம்? இரண்டையும் தனித்தனியாகவே கேட்கிறார்கள். இவை பிரிக்கக் கூடாத கேள்விகள் என்பதற்கு 701-ஐவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான், கடையில் கிடைக்காத ஒரு கணினியைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

199 டாலரில் தொடங்கிய பேச்சு

2007 ஜூனில் தைபே நகரில் நடந்த கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் ஏசஸ் இந்தக் கணினியை முதன்முதலாகக் காட்டியது. அன்று சொல்லப்பட்ட விலை 199 டாலர். நிக்கலஸ் நெக்ரோபாண்டே முன்னெடுத்த 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டம் நூறு டாலர் கணினி என்ற ஆசையை உலகமெங்கும் விதைத்திருந்த நேரம் அது. அந்தத் திட்டத்தின் கணினிகள் அரசுகள் வழியாகப் பள்ளிகளுக்குப் போக வேண்டியவை. 701-ஐ எவரும் கடைக்குப் போய் வாங்கலாம். அமெரிக்கக் கடைகளுக்கு வந்து சேர்ந்தபோது 4 ஜிபி மாதிரியின் விலை 399 டாலராகியிருந்தது. அப்படியும் வாங்கினார்கள். கையடக்கமான, எடை குறைந்த மடிக்கணினி என்றாலே ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் டாலர் கொடுக்க வேண்டியிருந்த காலத்தில் அது மலிவுதான்.

பெட்டிக்குள் இருந்தது இவ்வளவுதான்: 800×480 பிக்சல் கொண்ட 7 அங்குலத் திரை, 512 எம்பி ரேம், 4 ஜிபி ஃப்ளாஷ் சேமிப்பு, 900 மெகாஹெர்ட்ஸ் செலரான் எம் செயலி. அந்தச் செயலியும் பேட்டரியை மிச்சப்படுத்தவும் சூட்டைக் குறைக்கவும் 630 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி ஓட்டப்பட்டது. குறுந்தட்டு இயக்கி கிடையாது. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. இயங்குதளம் ஸாண்ட்ராஸ் லினக்ஸ். கணினியைத் திறந்தால் இணையம், வேலை, கற்றல், விளையாட்டு என்று பெரிய பெரிய படக்குறிகள் அடுக்கிய பக்கம் வரும். அதில் முதலாவதான இணையத்தைச் சொடுக்கினால் பயர்பாக்ஸ் 2.

அந்த பயர்பாக்ஸ் 2-க்கு மொசில்லா கடைசிப் பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டது 2008 டிசம்பரில். கணினி விற்பனைக்கு வந்து 14 மாதம்தான் ஆகியிருந்தது. முதல் நாளே வாங்கியவர்கூட, பெட்டியோடு வந்த உலாவியை அதற்குமேல் நம்பிப் பயன்படுத்த முடியாது. அடுத்த பதிப்பான பயர்பாக்ஸ் 3, 2008 ஜூன் 17 அன்றே வந்துவிட்டது. ஒரே நாளில் 80 லட்சம் முறைக்குமேல் தரவிறக்கப்பட்டு கின்னஸ் சாதனையும் படைத்தது. நினைவகத்தைச் சிக்கனமாகக் கையாள்வதில் அது பழையதைவிடப் பல படி மேல். 512 எம்பி கணினிக்கு அதைவிடத் தேவையானது எதுவும் இல்லை.

ஆனால் 701-இல் அதை ஏற்றுவதில் ஒரு சிக்கல் இருந்தது. ஏசஸ் இயங்குதளத்தை ஒரு பகுதியில் பூட்டி வைத்து, பயனர் செய்யும் மாற்றங்களை மட்டும் மேலே ஒரு தனி அடுக்கில் எழுதும்படி அமைத்திருந்தது. என்ன குழப்பம் நேர்ந்தாலும் ஒரு விசையில் கணினியைப் புத்தம்புதிதாக மீட்கலாம் என்பது அந்த ஏற்பாட்டின் நன்மை. வீட்டில் சிறுவர்கள் கையில் புழங்கும் கணினிக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் பழைய உலாவியை நீக்கினாலும் அது பிடித்திருந்த இடம் திரும்பக் கிடைக்காது. அடியில் அது அப்படியே கிடக்கும், புதியது மேலடுக்கில் வேறு இடம் எடுக்கும். 4 ஜிபியில் பயனருக்கென்று மிஞ்சியதே ஒன்றரை ஜிபிக்கும் குறைவு. ஒவ்வொரு புதுப்பிப்பும் அதைத் தின்றது. அதனால் பலர் புதுப்பிக்காமலே விட்டுவிட்டார்கள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடே பாதுகாப்பில்லாத உலாவியைக் கணினியில் நிலைத்திருக்கச் செய்தது.

480 பிக்சல் உயரத்தில் ஒரு பக்கம்

அன்றைய உலாவி ஒன்றை மனதில் விரித்துப் பாருங்கள். மேலே தலைப்புப் பட்டி, அதன்கீழ் மெனு, அதன்கீழ் முகவரிப் பட்டி, அதன்கீழ் புக்மார்க் வரிசை, அதன்கீழ் தாவல் வரிசை. அடியில் நிலைப் பட்டி, அதற்கும் அடியில் இயங்குதளத்தின் பணிப்பட்டி. ஒவ்வொன்றும் இருபதிலிருந்து முப்பது பிக்சல் என்று கொண்டாலும், 480-இல் மூன்றில் ஒரு பங்கு பக்கம் தொடங்குவதற்கு முன்பே செலவாகிவிடும். அகலத்திலும் நெருக்கடிதான். இணையதளங்கள் 1024 பிக்சல் அகலத்தை நம்பி வடிவமைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு வரியின் முடிவையும் படிக்கப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும்.

இதைச் சமாளிக்கப் பயனர்கள் செய்துகொண்ட ஏற்பாடுகளில்தான் பயர்பாக்ஸின் உண்மையான பலம் தெரிந்தது. மெனு முழுவதையும் ஒற்றைப் பொத்தானாகச் சுருக்கும் 'டைனி மெனு' என்ற நீட்சி (எக்ஸ்டென்ஷன்), பொத்தான்களைக் குறுக்கும் 'லிட்டில்ஃபாக்ஸ்' என்ற தோற்றம், எல்லாவற்றையும் மறைத்துவிடும் எஃப்11 விசை. உலாவியின் உள்ளமைப்புப் பக்கத்துக்குப் போய் வட்டில் தற்காலிகக் கோப்புகள் எழுதுவதை நிறுத்துபவர்களும் இருந்தார்கள். மலிவான ஃப்ளாஷ் சில்லுகளில் தரவைப் படிக்கும் வேகம் பரவாயில்லை, எழுதும் வேகம்தான் மோசம். பயர்பாக்ஸோ பார்த்த பக்கங்களின் வரலாறு, திறந்திருக்கும் தாவல்களின் நிலை என்று இடைவிடாமல் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். தட்டச்சு செய்யும்போது கணினி சில விநாடி உறைந்து, பிறகு விட்ட எழுத்துகள் எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழும். அதைப் பார்த்தவர்கள் செயலியைத் திட்டினார்கள். பல நேரம் குற்றவாளி எழுதும் வேகம்தான்.

2008 செப்டம்பர் 2 அன்று வந்த குரோம் இந்தக் கணக்கை மாற்றியது. தாவல்களைத் தலைப்புப் பட்டிக்கே தூக்கியது. மெனு வரிசை இல்லை, நிரந்தர நிலைப் பட்டியும் இல்லை. குட்டித் திரைக்கென்று அதைச் செய்தார்களா என்பது முக்கியமில்லை, குட்டித் திரைக்காரர்களுக்கு அது வரமாக அமைந்தது. ஆனால் குரோம் ஒவ்வொரு தாவலையும் தனித் தனிச் செயலாக்கமாக ஓட்டியது. ஒரு பக்கம் முறிந்தால் மற்றவை பிழைக்கும், அதற்கு விலை ரேம். 1 ஜிபி கணினியில் ஏழெட்டுத் தாவல் திறந்தால் மூச்சு வாங்கும். அதோடு, முதலில் வந்தது விண்டோஸ் பதிப்பு மட்டுமே. லினக்ஸுக்கான நிலையான பதிப்பு 2010 மே மாதம்தான் வந்தது. ஆக 701-ஐ அதன் சொந்த இயங்குதளத்தோடு வைத்திருந்தவருக்கு, அன்றைக்குத் திரையை மிகச் சிக்கனமாகப் பயன்படுத்திய உலாவி ஒன்றரை ஆண்டுக்கு மேல் எட்டாக்கனி.

தமிழ் படிக்க முயன்றவர்கள்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உலாவியைத் தேர்ந்தெடுப்பது என்றால் வேகம், நிறம், வசதி என்ற அளவிலேயே பேசுவது ஆங்கிலத்தில் மட்டும் படிப்பவருக்குக் கட்டுப்படியாகும். அந்த ஆண்டுகளில் தமிழ் வாசகருக்கு முதல் கேள்வியே வேறு: எழுத்து எழுத்தாகத் தெரியுமா?

பல தமிழ் நாளிதழ்த் தளங்கள் அப்போது ஒருங்குறி (யூனிகோட்) என்ற பொதுக் குறியாக்கத்துக்கு மாறியிருக்கவில்லை. ஆளுக்கொரு குறியாக்கம், ஆளுக்கொரு எழுத்துரு. அந்த எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் நுட்பம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே வேலை செய்தது. பயர்பாக்ஸில் அதே பக்கத்தைத் திறந்தால் பொருளற்ற ஐரோப்பியக் குறிகள் வரிசைகட்டி நிற்கும். பாதுகாப்பிலும் வேகத்திலும் பின்தங்கியது என்று தெரிந்தும், செய்தி படிப்பதற்காகவே எக்ஸ்புளோரரை வைத்திருந்த வீடுகள் எத்தனையோ. 'பத்மா' என்ற பயர்பாக்ஸ் நீட்சி அந்தப் பக்கங்களை உடனுக்குடன் ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டியது. அந்த நீட்சிக்காகவே பயர்பாக்ஸுக்கு மாறியவர்களும் உண்டு.

ஒருங்குறிப் பக்கங்களிலும் தொல்லை தீரவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் லதா எழுத்துரு உண்டு. ஆனால் இந்திய மொழிகளின் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் 'சிக்கல் எழுத்து' ஆதரவு தானாகக் கணினியில் ஏறியிருக்காது. கட்டுப்பாட்டுப் பலகத்தில் மொழி அமைப்புக்குப் போய் ஒரு கட்டத்தில் குறியிட்டால், எக்ஸ்பியின் குறுந்தட்டைப் போடச் சொல்லும். நெட்புக்கில் குறுந்தட்டு இயக்கியே இல்லை. நிறுவல் கோப்புகளை வன்வட்டிலேயே விட்டுவைத்த தயாரிப்பாளரிடம் வாங்கியவர் தப்பித்தார். மற்றவர்கள் நண்பரின் கணினியிலிருந்து கோப்புறையைப் பென் டிரைவில் நகலெடுத்து வந்து, பாதையை மாற்றிக் காட்டித்தான் தமிழை ஏற்ற வேண்டியிருந்தது.

லினக்ஸ் பக்கம் கதை வேறு மாதிரி. மொசில்லா தளத்திலிருந்து நேரடியாக இறக்கிய பயர்பாக்ஸ் 2-இல், எழுத்துகளைக் கோத்துக் காட்டும் பேங்கோ என்ற நிரலகம் முடக்கப்பட்டிருக்கும். அதை இயக்காமல் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கொம்பு இடம் மாறி நிற்கும். 'பெண்' என்ற சொல்லில் 'ப'வுக்கு முன்னால் வர வேண்டிய ஒற்றைக் கொம்பு அதற்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். முனையத்தில் ஒரு வரி தட்டி பேங்கோவை இயக்கிய பிறகுதான் சரியாகும். பயர்பாக்ஸ் 3 இந்த வேலையை இயல்பாகவே செய்யத் தொடங்கியது. ஆங்கில வாசகர் அந்தப் பதிப்பின் வேகத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது, லினக்ஸில் தமிழ் படித்தவருக்குக் கொம்பும் காலும் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்ததே பெரிய செய்தி.

கைப்பேசியில் ஓபரா மினி வைத்திருந்த தமிழர்களுக்கு 'ஓபரா:கான்ஃபிக்' என்ற முகவரி மறந்திருக்காது. அதை முகவரிப் பட்டியில் அடித்து, பட்டியலின் அடியில் சிக்கல் எழுத்துகளைப் பட வடிவில் காட்டும் விருப்பத்தை 'ஆம்' என்று மாற்ற வேண்டும். கைப்பேசியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் ஓபராவின் வழங்கி (சர்வர்) தமிழ் எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பிவிடும். படம் என்பதால் தரவு கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். எழுத்தை நகலெடுக்கவும் முடியாது. இருந்தும், கட்டம் கட்டமாகத் தெரிந்த திரையில் தமிழ் வந்து நின்றபோது அடைந்த மகிழ்ச்சிக்கு அது சிறிய விலை. கருவி அப்படியே இருந்தது, உலாவியில் ஓர் அமைப்பை மாற்றியதும் அது தமிழ்க் கருவியானது.

எக்ஸ்பி வந்தது, வரம்பும் வந்தது

லினக்ஸ் நெட்புக்குகள் விற்பதைப் பார்த்த மைக்ரோசாஃப்ட், ஓய்வு கொடுக்கவிருந்த விண்டோஸ் எக்ஸ்பி ஹோமை மலிவுக் கணினிகளுக்காக நீட்டிப்பதாக 2008 ஏப்ரலில் அறிவித்தது. அந்த மலிவு உரிமத்துக்கு வன்பொருள் வரம்புகள் உண்டு. ரேம் 1 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பது அதில் ஒன்று. அந்த ஆண்டு வந்த ஈ-பிசி 900-இல் இந்தப் போட்டியை நேராகப் பார்க்கலாம். சில நாடுகளில் ஒரே விலைக்கு, லினக்ஸ் பதிப்பை எடுத்தால் 20 ஜிபி சேமிப்பு, எக்ஸ்பி பதிப்பை எடுத்தால் 12 ஜிபி. பெரும்பாலானவர்கள் பழகிய எக்ஸ்பியையே எடுத்தார்கள். அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். குரோமும் தமிழ்த் தட்டச்சுக்கான எ-கலப்பையும் என்.எச்.எம். ரைட்டரும் அங்கேதான் சிரமமில்லாமல் ஓடின.

2008 நடுவில் இன்டெல்லின் ஆட்டம் என்270 சில்லு வந்தது. ஏசர் ஆஸ்பயர் ஒன், எம்எஸ்ஐ விண்ட், டெல் மினி 9, சாம்சங் என்சி10 என்று எல்லோரும் ஒரே சில்லு, ஒரே 1024×600 திரை, ஒரே 1 ஜிபி ரேம் வைத்துக் கணினி செய்தார்கள். பெயர்ப் பலகையை மறைத்துவிட்டால் வேறுபாடு சொல்வது கடினம். 2009 அக்டோபரில் எக்ஸ்பியின் இடத்துக்கு விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் வந்தது. அது 32 பிட் மட்டுமே, 2 ஜிபிக்கு மேல் ரேமை ஏற்காது, திரைப் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாது.

ஒரே சில்லு, மூன்று முடிவு

இந்த ஆய்வின் மையம் இதுதான். 2011-இல் வெளிவந்த இரண்டு கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஒன்று, சாம்சங் சீரிஸ் 5. முதல் குரோம்புக்குகளில் ஒன்று. 12.1 அங்குலத் திரை, 2 ஜிபி ரேம், அமெரிக்காவில் வைஃபை மாதிரியின் விலை 429 டாலர். உள்ளே ஆட்டம் என்570 சில்லு. உலாவிதான் இயங்குதளம், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், நச்சு நிரல் பயமில்லை என்று விற்கப்பட்டது. அத்தனையும் உண்மை. மற்றொன்று, ஏசஸ் ஈ-பிசி 1015பிஎக்ஸ். அதே என்570 சில்லு, விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். ரேமைக் கழற்றி மாற்றலாம்.

குரோம்புக்குக்குப் புதுப்பிப்பு 2016-இல் நின்றது. உலாவியும் இயங்குதளமும் ஒன்றே என்பதால், தனியாக வேறோர் உலாவியை ஏற்றித் தப்பிக்கவும் சாதாரணப் பயனருக்கு வழியில்லை. ஈ-பிசியில் அதே நாளில் குரோம் நலமாக ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 7-க்கான கடைசி குரோம் 109-ஆம் பதிப்பு, 2023 ஜனவரியில் வந்தது. அதற்குப் பிறகும் பயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான 115 விண்டோஸ் 7-க்கு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. விண்டோஸையே அழித்துவிட்டு 64 பிட் லினக்ஸ் போட்டவருக்கோ முடிவு நாளே இன்னும் வரவில்லை. என்570 சில்லுக்கு 64 பிட் தெரியும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அதில் ஏறும், இன்றைய பயர்பாக்ஸும் அதில் திறக்கும். சில்லில் ஒரு மாற்றமும் இல்லை. உலாவி வந்து சேரும் வழி மட்டும் மூன்று விதம்.

நெட்புக்கை வீழ்த்தியதாகச் சொல்லப்படும் முதல் ஐபேடின் கதை இதைவிடக் கடுமையானது. 2010 ஏப்ரலில் 499 டாலருக்கு வந்தது. படிப்பதற்கு அதுவரை வந்த எதைவிடவும் இனிமையான கருவி அது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 2012 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 6 அதற்குக் கிடைக்கவில்லை. இரண்டரை ஆண்டு கூட நிறையவில்லை. சஃபாரி இயங்குதளத்தோடு பிணைந்தது, அது நின்றால் இதுவும் நின்றது. ஆப்பிளின் விதிப்படி ஐபேடில் எந்த உலாவியை நிறுவினாலும் உள்ளே ஓட வேண்டியது, பக்கங்களை வரைந்து காட்டும் ஆப்பிளின் வெப்கிட் பொறிதான் என்பதால், உலாவியை மாற்றிப் பிழைக்கும் வழியும் அடைபட்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்குப் பிறகு 2024-இல்தான் அந்த விதி அங்கே மட்டும் தளர்ந்தது.

இனி நம் 701. அதில் எக்ஸ்பி போட்டவருக்கு குரோம் 2016 ஏப்ரலில் நின்றது. பயர்பாக்ஸ் எக்ஸ்பியை 2018 வரை தாங்கியது. லினக்ஸிலேயே இருந்தவருக்கும் குரோம் 2016-இல் போய்விட்டது, 32 பிட் லினக்ஸ் பதிப்பை கூகுள் அந்த ஆண்டு மார்ச்சில் நிறுத்தியது. பயர்பாக்ஸோ 2025-இன் 144-ஆம் பதிப்பு வரை 32 பிட் லினக்ஸுக்கு வந்தது. நீண்டகால ஆதரவுப் பதிப்பான 140-இல் 2026 செப்டம்பர் வரையாவது ஆதரவு தொடரும் என்று மொசில்லா அறிவித்தது. 2007-இல் பெட்டியோடு வந்த உலாவி 14 மாதத்தில் அநாதையானது, ஆனால் உலாவியை மாற்றிக்கொண்டே வந்தவருக்குப் பதினெட்டு ஆண்டுக்கு மேல் கிடைத்தது.

புதுப்பிப்பு நின்றால் என்ன, பழைய உலாவியிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. பக்கமே திறக்காது. பயர்பாக்ஸ் 2-க்கு டிஎல்எஸ் 1.2 என்ற மறையாக்கம் தெரியாது. அதற்கும் குறைந்த மறையாக்கத்தை ஏற்கும் தளங்கள் அருகிவிட்டன, முதன்மையான உலாவிகளும் 2020-இல் அதைக் கைவிட்டன. சான்றிதழ் சிக்கல் இன்னொன்று. 2021 செப்டம்பர் 30 அன்று, இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களைத் தாங்கி நின்ற பழைய வேர்ச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. இயங்குதளத்தின் சான்றிதழ்ப் பட்டியலை நம்பியிருந்த பழைய கருவிகள் பல அன்று தடுமாறின. பயர்பாக்ஸ் தனக்கென்று சொந்தப் பட்டியல் வைத்திருப்பதால் அதே கருவிகளில் அது மட்டும் பாதிப்பில்லாமல் ஓடியது. உலாவி தன் காலில் நிற்கிறதா, இயங்குதளத்தின் தோளில் நிற்கிறதா என்பது அன்று வெளிச்சமானது.

இங்கே ஒரு மறுப்பையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். புதிய உலாவி ஏறுகிறது என்பதால் கணினி பயன்படும் என்று பொருளில்லை. இணையப் பக்கங்களை அளந்துவரும் எச்டிடிபி ஆர்க்கைவ் திட்டத்தின் அளவீடுகளின்படி 2010 வாக்கில் இடைநிலை இணையப் பக்கத்தின் எடை அரை எம்பிக்கும் கீழ். இன்று 2 எம்பிக்கு மேல். அதில் பெரும்பகுதி படங்களும் ஜாவாஸ்கிரிப்டும். 701-இல் அந்த 140-ஆம் பயர்பாக்ஸ் திறக்கும். ஒரு விக்கிப்பீடியா கட்டுரை வரும், காணொளித் தளம் திணறும். ஆட்டம் என்570-இல் விளம்பரத் தடுப்பான் போட்டால் தமிழ்ச் செய்தித் தளங்கள் படிக்கும்படி ஓடும், போடாவிட்டால் பொறுமை போய்விடும். குறைந்த திறன் கணினியில் யுபிளாக் ஆரிஜின் போன்ற தடுப்பானை நான் வசதியாகப் பார்ப்பதில்லை, ரேம் கூட்டுவதற்கு நிகரான மேம்பாடாகவே பார்க்கிறேன். அதன் முழுப் பதிப்பு குரோமில் இப்போது ஓடாது. நீட்சிகளுக்கான புதிய விதிமுறையால் சுருக்கப் பதிப்பு மட்டுமே கிடைக்கிறது. பயர்பாக்ஸில் முழுமையாக ஓடுகிறது.

தமிழ்நாட்டு மடிக்கணினியும் இன்றைய கடையும்

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஒரு நல்ல முடிவு இருந்தது. மாநில அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்தக் கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பெரும்பாலான மாணவர்கள் பாஸ் பக்கம் போகவே இல்லை. கற்றுக்கொடுக்க ஆளில்லை என்பதுதான் காரணம், மாணவர்களைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. ஆனால் இன்னொரு வாசல் இருக்கிறது என்று அந்தக் கணினி முதல் நாளே காட்டியது. இன்றும் வீட்டு அலமாரிகளில் கிடக்கும் அவற்றை எடுத்துப் பார்த்தால், விண்டோஸ் 7-இல் குரோம் 109-ஓடு நின்றுபோயிருக்கும். செயலி 64 பிட் என்றால், ரேமை 4 ஜிபியாக்கி, சுழலும் வன்வட்டை மாற்றி எஸ்எஸ்டி பொருத்தி, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டால் பயர்பாக்ஸ் ஓடும். பாடக் குறிப்பு படிக்க, தேர்வுக்கு விண்ணப்பிக்க, தமிழில் தட்டச்சு செய்ய அது போதும்.

புதிதாக வாங்குபவருக்கு உலாவிகள் நிறைய இருப்பதாகத் தோன்றும். எட்ஜ், பிரேவ், விவால்டி, ஓபரா எல்லாம் குரோமுக்கும் அடித்தளமான குரோமியம் பொறியின்மேல் கட்டியவை. ஓபரா தன் சொந்தப் பொறியை 2013-இல் கைவிட்டது, எட்ஜ் 2020-இல் மாறியது. குரோமியம் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டபோது இவையும் அடுத்தடுத்துக் கைவிட்டன. இவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் வசதி மாறும், காலக்கெடு மாறாது. அதனால் எந்தக் கணினியிலும் குரோமியம் வகையில் ஒன்று, பயர்பாக்ஸ் ஒன்று என்று இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதில் எட்ஜ் உலாவிக்கு மட்டும் குறைந்தது 2028 அக்டோபர் வரை புதுப்பிப்பு தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. பழைய கணினியை உடனே தூக்கிப்போட வேண்டாம் என்பதற்கு இது போதுமான காரணம். வங்கி வேலையை அதில் செய்வதா என்பதை வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டும், ஏனென்றால் உலாவிக்குக் கீழே இருக்கும் இயங்குதளத்தின் ஓட்டைகளை உலாவி அடைக்காது. ஆண்ட்ராய்டு டேப்லெட் என்றால், குரோம் 2025-இலிருந்து ஆண்ட்ராய்டு 10-க்குக் குறைந்த கருவிகளை விட்டுவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, விற்பவரிடம் ஆண்ட்ராய்டு பதிப்பு எண்ணைக் கேளுங்கள். ரேம் எத்தனை, கேமரா எத்தனை என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

மலிவு விலைக் குரோம்புக் இப்போது 2011-இன் குரோம்புக் அல்ல. 2021 முதல் வந்த மாதிரிகளுக்குப் பத்து ஆண்டு புதுப்பிப்பு என்று கூகுள் 2023 செப்டம்பரில் அறிவித்தது. அந்தப் பத்து ஆண்டு, அந்த மாதிரியின் அடித்தளம் வெளியான நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நீங்கள் பணம் கொடுத்த நாளிலிருந்து அல்ல. நான்கு ஆண்டுக்கு முன் வந்த மாதிரியைச் சலுகை விலையில் எடுத்தால் உங்களுக்கு மிஞ்சுவது ஆறு. இரண்டாம் கையாக வாங்கும்போது இதைக் கவனிக்காதவர்கள் ஏமாறுகிறார்கள். கணினியின் அமைப்புகளைத் திறந்து, குரோம் ஓஎஸ் பற்றிய பகுதியில் கூடுதல் விவரங்களைப் பார்த்தால் புதுப்பிப்பு எந்த மாதம், எந்த ஆண்டு முடிகிறது என்று எழுதியிருக்கும். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன், கடையிலேயே அதைத் திறந்து பாருங்கள்.